உப்பும் கமான் பட்டையும்

ராணிப்பேட்டை

தோல் லாரிகள் எங்கே நிற்கின்றன என்று ராணிப்பேட்டையில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. காற்றே கூட்டிக்கொண்டு போய்விடும். ஈரோட்டுத் தோல் சந்தையிலிருந்தும் சென்னைப் பெரியமேட்டிலிருந்தும் வந்த பச்சைத் தோல்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும் என்பதால் அதன்மேல் உப்பை அள்ளிப் பூசித்தான் அனுப்புகிறார்கள். அந்த உப்பு தோலிலிருக்கும் நீரை உறிஞ்சி, வழி நெடுகச் சொட்டுகிறது. முதலில் பலகையில், பிறகு சேஸில், கடைசியில் வண்டியின் சுமையை வில்போல் தாங்கும் கமான் பட்டையின் மேல்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். அப்பா அரிசி ஆலைக்கு லாரி ஓட்டினார். எங்கள் பக்கத்தில் வண்டிக்குப் பகை சேறு. பின் சக்கரம் புதையும், டிராக்டர் வந்து இழுக்கும், கழுவிவிட்டால் முடிந்தது. பாலாற்றங்கரை லாரிகளைத் தின்பது உப்பு. நெற்குன்றத்திலிருந்து தோல் ஏற்றி வந்த ஓட்டுநர் ஒருவர் தன் வண்டிக்கடியில் படுக்கச் சொல்லி செல்பேசி வெளிச்சத்தில் காட்டினார். முன் பக்கத்துப் பட்டைகளின் ஓரம் முழுக்க அம்மைத் தழும்பு விழுந்தாற்போல் துருக்குழிகள்.

“பட்டை உடையறதுக்கு முன்னாடி சத்தம் போடாது சார். உடைஞ்ச பொறவுதான் சத்தம்” என்றார்.

அவர் சொன்னது உலோகவியலும்கூட. கமான் பட்டை ஓடுகிற ஒவ்வொரு கணமும் வளைந்து நிமிர்கிறது. வழுவழுப்பாக இருக்கிறவரை அந்த வளைவு பட்டை முழுவதும் பரவி நிற்கும். ஒரு துருக்குழி விழுந்துவிட்டால் இழுவிசையெல்லாம் அந்தக் குழியின் அடியில் போய்க் குவிகிறது. அங்கே மயிரிழை விரிசல் பிறந்து, கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து, ஒரு நாள் வேகத்தடையில் மெயின் பட்டை இரண்டாகிறது.

இந்தப் பயணத்தில் நான் பார்க்க வந்தது முன் அச்சை. பின் சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டியில் முன் அச்சுக்கு எஞ்சினின் பலம் வருவதில்லை. கியர் கிடையாது, சுழலும் தண்டு கிடையாது. ஓர் இரும்பு பீம், அதன் இரு முனைகளிலும் சக்கரம் திரும்புவதற்கான கிங் பின், மேலே இரண்டு கட்டுக் கமான் பட்டைகள். தாங்குவதும் திரும்புவதும்தான் அதன் வேலை. ஆனால் பாதை கெட்டால் முதல் அடி அதற்குத்தான். வண்டியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எஞ்சினைப் பேசுகிறார்கள். அடி வாங்குகிற பீமைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

ஊரை விட்டுக் கிளம்பும்போது பாலாற்றுப் பாலத்தில் சற்று நின்றேன். மணலும் முள்ளும்தான் தெரிந்தன. காவிரி வாய்க்காலில் குளித்து வளர்ந்தவனுக்கு இந்த அகலத்தில் ஓர் ஆறு வறண்டு கிடப்பதைப் பார்க்கத் தொண்டை அடைக்கிறது. தோல் கழிவின் உப்பும் குரோமியமும் இந்த ஆற்றையும் இதைச் சுற்றிய கிணறுகளையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேர்விட்ட தீர்ப்புகளில் அது முக்கியமானது. கிணற்றை உவர்ப்பாக்கிய உப்பும் லாரிப் பட்டையை அரிக்கும் உப்பும் ஒரே மூட்டையிலிருந்து வந்தவை.

வேலூர்

கோட்டையைச் சுற்றிக்கொண்டு போனேன். 1806 சிப்பாய்ப் புரட்சி வெடித்த இடம். சிப்பாய்களின் தலைமேல் திணிக்கப்பட்ட புதுத் தலைப்பாகையில் தோலால் செய்த குஞ்சம் இருந்தது. பொங்கி எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தோலின் வரலாறு இந்த மாவட்டத்தில் தொழிற்சாலைகளோடு மட்டும் நின்றுவிடுவதில்லை.

எனக்கு வேண்டியது உதிரிபாகக் கடைகளும் லேத் பட்டறைகளும். ஒரு லேத்தில் கிங் பின் புஷ்ஷை உள்ளே ரீமர் விட்டு உரசிக்கொண்டிருந்தார்கள். பித்தளைப் புஷ்ஷுக்குள் பின்னை எண்ணெய் தடவி நுழைத்தால் தன் எடையிலேயே மெல்ல இறங்க வேண்டும். தடதடவென்று விழுந்தாலும் கெட்டது, தட்டி இறக்கினாலும் கெட்டது. கடைக்காரர் அதை ஏழெட்டு முறை விட்டு எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அதை வாங்கிக்கொண்டவர் ஜவ்வாது மலைக்காரர். புதூர்நாட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூர். சாமையும் புளியும் ஏற்றி இறக்க ஒரு பழைய கமாண்டர் ஜீப்பைப் பின்பக்கம் திறந்த தொட்டியோடு வைத்திருக்கிறார். நான்கு சக்கரமும் தள்ளுகிற வகை இல்லை. பின் சக்கர வகை. ஃபோர் வீல் வண்டி வாங்கவும் காசு இல்லை, பராமரிக்கவும் காசு இல்லை என்றார். “வண்டி ஆம்பூர்ல முன்காலு கழட்டிப் போட்டுக் கெடக்குது சார். முழுசா புதுசா கட்டறாங்க. பாக்கணும்னா வாங்க.”

அதைக் கேட்ட பிறகு வேலூரில் எனக்கு வேலை இருக்கவில்லை.

ஆம்பூர்

ஆம்பூருக்குள் நுழையும் நேரம் காலணித் தொழிற்சாலைகளில் வேலை முடியும் நேரமாக இருந்தது. பேருந்துகளை நோக்கி ஆயிரக்கணக்கான பெண்கள். டெல்டாவில் இவ்வளவு பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து நடப்பதை நடவுக் காலத்தில்கூட நான் பார்த்ததில்லை. சம்பளம் கைக்கு வரும் பெண்ணின் நடையே வேறு. அந்தக் கூட்டம் கலைகிறவரை நெடுஞ்சாலையோரம் நின்றேன்.

பட்டறை நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே, தகரக் கூரையின் கீழ். அதை நடத்துகிற பெரியவரைப் பையன்கள் ‘உஸ்தாத்’ என்கிறார்கள். வாடிக்கையாளர்கள் ‘பாய்’ என்கிறார்கள். உருதுவும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வரும் பேச்சு. ஜீப்பின் முன்பகுதி கட்டையில் ஏறி நிற்க, கீழே பீம் தனியாகக் கிடந்தது.

மலைக்காரருக்கு இரண்டு கோரிக்கை. பீம் லேசாக வளைந்திருக்கிறது, காய்ச்சி நிமிர்த்த வேண்டும். பட்டை அடிக்கடி உடைகிறது, உடையவே முடியாத தடித்த பட்டையாகப் போட வேண்டும். உஸ்தாத் இரண்டுக்கும் மறுத்துவிட்டார்.

“இது அடிச்சுச் செஞ்ச இரும்பு. கம்பெனியில இதுக்கு எவ்வளவு சூடு கொடுத்தாங்க, எப்படித் தணிச்சாங்கன்னு நமக்குத் தெரியாது. கேஸ் வெச்சுக் காட்டினா அந்த எடம் மட்டும் இளகிப் போவும். மலையில இறங்கறப்போ பிரேக் போட்டீங்கன்னா அங்கதான் முறுக்கும்.”

பீமை அருகில் போய்ப் பார்த்தால் அவர் சொல்வது புரிகிறது. நடுப்பகுதி ஆங்கில ‘ஐ’ எழுத்தின் வடிவம். சுமை மேலிருந்து அழுத்தும்போது வளைவைத் தாங்குவது மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான். அதனால் இரும்பை அங்கே சேர்த்து நடுவில் மெலித்திருக்கிறார்கள். முனைகளை நெருங்க நெருங்க வடிவம் உருண்டையாகிறது. பிரேக் பிடிக்கும்போது வருகிற முறுக்கை உருண்டைதான் நன்றாகத் தாங்கும். அதில் தீக்காட்டுவதும் பற்றவைப்பதும் உயிரோடு விளையாடுவது. நூல் பிடித்து அளந்து பார்த்து, இந்த பீமின் வளைவு சூடு காட்டாமலே பிரஸ்ஸில் வைத்துச் சரிசெய்யக்கூடிய அளவில்தான் இருக்கிறது என்றார். இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பீம் தேடச் சொல்லியிருப்பாராம்.

பட்டை விஷயத்தில்தான் வாதம் நீண்டது. ஒரு பட்டையின் தடிமன் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது. உஸ்தாத் பள்ளிக்கூடக் கணக்கில் இதைச் சொல்லவில்லை. ஒரு மெல்லிய பட்டையையும் ஒரு தடித்த பட்டையையும் இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து மலைக்காரரையே ஏறி நிற்கச் சொன்னார். மெல்லியது இறங்கியது, தடித்தது அசையவில்லை.

“இது உடையாது. ஆனா கல்லு கொடுக்கிற அடியை அப்படியே மேல அனுப்பும். பீம் வாங்கும், அப்புறம் சேஸ் ரிவெட் வாங்கும், அப்புறம் உள்ள உக்காந்திருக்கிற பொம்பளைங்க இடுப்பு வாங்கும்.”

ஆகவே அதே சுமைக்கு மெல்லிய பட்டைகளாக, எண்ணிக்கையைக் கூட்டிக் கட்டு அமைக்க முடிவாயிற்று. ஒரே அளவு வளையும்போது மெல்லிய பட்டையின் மேற்பரப்பில் இழுவிசை குறைவு. ஆகவே நெடுநாள் தாங்கும், சக்கரமும் கூடுதல் தூரம் மேலும் கீழும் போய் வரும். ஒரு பாறையில் ஏறும்போது எதிர்ச் சக்கரம் தரையை விடாமல் இருக்க அந்தத் தூரம்தான் வேண்டும். பின் சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டி மலையேறுவதன் சூட்சுமம் இதில் இருக்கிறது. முன்பக்கம் இளகிக் கொடுத்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளாது; சட்டம் முறுக்கிக்கொள்ளாவிட்டால் பின் சக்கரங்கள் இரண்டும் மண்ணைக் கவ்வி நிற்கும்.

உலை எரிந்தது. சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த வில் எஃகு. செக்கச் சிவந்ததும் பையன் ஒரு காந்தத்தைக் கம்பி முனையில் கட்டிக் கிட்டே கொண்டுபோனான். ஒட்டவில்லை. சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்கு இணங்குவதை விட்டுவிடும்; அதற்கு மேல் இன்னும் சற்று ஏறவிட்டு, மாதிரிக்கு ஏற்றபடி வளைத்து, எண்ணெயில் முக்கினார்கள். குப்பென்று புகை. அப்படியே விட்டால் கண்ணாடியாக நொறுங்கும் என்பதால் மறுபடி மிதமான சூட்டில் வைத்துத் தணித்தார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் வளைவு கொஞ்சம் வேறு: கீழே போகப் போக வளைவு அதிகம். சென்டர் போல்ட்டை இறுக்கும்போது அவை ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு சேர்ந்து நிற்கும்.

பட்டையை எவ்வளவு உயர்த்துவது என்பதிலும் அவருக்குக் கண்டிப்பு உண்டு. வளைவைக் கூட்டினால் வண்டி உயரும், பாறை தட்டாது. ஆனால் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு வருகிற கம்பி சாய்ந்துவிடும். குழியில் இறங்கும்போது அச்சு ஒரு வில்லில் நகரும், அந்தக் கம்பி இன்னொரு வில்லில் நகரும். இரண்டும் ஒத்துப்போகாமல் ஸ்டியரிங் தானாகவே திரும்பும். கொண்டை ஊசி வளைவில் அது நடந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. “ரெண்டு விரல் உசரம், அவ்வளவுதான்” என்று முடித்துவிட்டார். பீமுக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய இரும்பு ஆப்பு ஒன்றை வைத்துக் கிங் பின்னின் சாய்வைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அச்சு இப்போது கூடுதலாகத் தொங்கும் என்பதால் பிரேக் ஹோஸையும் நீளமானதாக மாற்றினார்கள். அதை மறந்துவிட்டு மலையில் பிரேக் இழந்த வண்டிகளின் கதை அங்கே எல்லோரிடமும் இருந்தது.

வேலைக்கு நடுவே இளைய மெக்கானிக் செல்பேசியில் ஓர் அமெரிக்கப் படக்காட்சி காட்டினான். பாலைவனத்தில் ஒரு பிக்அப் பறந்து இறங்குகிறது. முன் சக்கரங்கள் முழங்கை உயரத்துக்கு மேல் ஏறி இறங்குகின்றன. அதுவும் பின் சக்கர வண்டிதான். 1965-இல் ஃபோர்டு நிறுவனம் தன் பிக்அப்புகளில் ஒரே பீமுக்குப் பதில் இரண்டு பீம்களை வைத்தது. வலது சக்கரத்தைத் தாங்கும் பீம் சட்டத்தின் இடப்பக்கத்தில் கீல் கொண்டிருக்கும். இடது சக்கரத்தின் பீம் வலப்பக்கத்தில். ஒன்றையொன்று தாண்டிப் போகும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றது தன் போக்கில் இருக்கும். சக்கரம் ஏறும்போது வட்ட வில்லில் போவதால் சாய்கிறது. பீம் நீளமாக நீளமாகச் சாய்வு குறைகிறது. 1967-இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் தொடங்கிய நெடும்பந்தயத்தின் வழியே வளர்ந்த பட்டறைகள் எஃகுத் தகட்டை வெட்டிப் பெட்டிபோல் பற்றவைத்து, கம்பெனி பீமைவிட நீளமான பீம்களை அந்தந்த வண்டிக்கென்று செய்கின்றன. வண்டியை உயர்த்தியதால் சக்கரத்தின் மேற்பகுதி வெளியே சாய்ந்தால், பீமின் முனையை வெட்டித் திருப்பி மறுபடி பற்றவைத்து நேராக்குவார்கள்.

“உஸ்தாத், இத நாம பண்ணலாமா?” என்று கேட்டான்.

அவர் வெகு கவனமாகப் பார்த்தார். இரண்டு முறை ஓட்டச் சொன்னார். “நல்ல வேலை. கீல் எங்க மாட்டறான் பாரு, அங்கதான் மூளை இருக்குது. ஆனா நம்ம ரோட்டுல ஓடற வண்டியில அப்படி வெட்ட முடியாது. ஆர்.சி. போயிடும், இன்சூரன்ஸ் போயிடும்.” உண்மை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஆம்பூர்ப் பட்டறை சேஸைத் தொடுவதில்லை. தேய்ந்ததை எடுத்து, அதே இடத்தில் பாதைக்கேற்றதை வைக்கிறது. அந்த வரம்புக்குள்ளேயே இவ்வளவு செய்ய இடம் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். கம்பெனி ஒரு வண்டியை எல்லா ஊருக்கும் பொதுவாகச் செய்கிறது. இந்த மலையின் இந்தக் கல்லுக்கு, இந்தக் குடும்பத்தின் புளி மூட்டைக்கு அதைப் பொருத்துகிற அறிவு பட்டறையில்தான் இருக்கிறது. அதற்குப் பட்டமும் கிடையாது, பலகையும் கிடையாது. இருந்தாலும் அது பொறியியல்தான், நான் அதை வேறு பெயரால் அழைக்க மாட்டேன்.

சுவரில் தோல் உறை ஒன்று தொங்கியது. கமான் பட்டைமேல் வரிந்து கட்டுவது. பழைய கால மோட்டார் கார்களில் பட்டைகளுக்கிடையே கிரீஸ் தங்கவும் தூசி புகாமலிருக்கவும் இப்படித் தோல் உறை தைத்துப் போடும் வழக்கம் உண்டு. பெங்களூரில் பழைய கார் வைத்திருக்கும் ஒருவருக்காக மாதிரி தைத்துப் பார்த்ததாம் அது. தோல் லாரிகளுக்கும் போட்டால் உப்பு இறங்காதே என்றேன். “ஒருநாள் நனைஞ்சா உப்பு உள்ளயே தங்கிடும் சார். தெனம் தண்ணி ஊத்திக் கழுவறதுதான் மருந்து.”

மறுநாள் மதியம் பிரியாணி. சீரகச் சம்பா, காய்ந்த மிளகாய் விழுதின் சிவப்பு, கூடவே புளிப்புக் கத்திரிக்காய். டெல்டா வீட்டுச் சமையலில் கத்திரிக்காய் இவ்வளவு எண்ணெயையும் புளியையும் குடித்து நான் பார்த்ததில்லை. உஸ்தாத் என் தட்டில் கறியை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். பட்டறையில் அன்று எல்லோரும் ஒரே தேக்சாவைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

வாணியம்பாடி, திருப்பத்தூர்

புது முன்பக்கத்தோடு ஜீப் கிளம்பியது. மலைக்காரர் ஓட்ட, நான் அருகில். நெடுஞ்சாலையில் அது பெரிதாக ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. வாணியம்பாடி தாண்டும்போது நெக்னாமலை இருக்கும் திசையைக் கையால் காட்டினார். அந்த மலையூர்க்காரர்கள் சாலைக்காகக் காத்துக் காத்துச் சலித்து, தாங்களே சேர்ந்து மண்பாதை வெட்டிக்கொண்டவர்கள். “எங்களுக்கும் அதே கதைதான், மலை மட்டும் வேற.”

புதூர்நாடு

திருப்பத்தூரிலிருந்து ஏறும் சாலை புதூர்நாடு வரை தார். அதற்கப்பால் பிரிகிற பாதைகளில்தான் முன் அச்சின் வாழ்க்கை. மழை அரித்த வாய்க்கால்கள் குறுக்கே கிடந்தன. பாதையின் நடுவில் பாறை முதுகு. எங்கள் ஊரில் கல் வேண்டுமென்றால் விலை கொடுத்து லாரியில் இறக்க வேண்டும். இங்கே மண் வேண்டுமென்றால் கல்லைப் பெயர்க்க வேண்டும்.

முதல் குறுக்கு வாய்க்காலில் இடது சக்கரம் இறங்கியபோது நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவசியமே இல்லை. சக்கரம் தானே கீழே போய்த் தரையைத் தொட்டு, நின்று, மறுபக்கம் ஏறியது. ஸ்டியரிங் அவர் கைக்குள் அமைதியாக இருந்தது. பழைய பட்டையோடு இதே இடத்தில் வண்டி முக்காலி போட்டு நின்று, பின் சக்கரம் சும்மா சுழலும் என்றார். மேலேறும்போது ஜன்னல் வழியே தலையை நீட்டி, பட்டை வளைவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அலுக்கவில்லை.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் அவர் வீட்டில் கிடைத்தன. அவர் தாயார் திண்ணையில் கடுக்காய் உலர்த்தியிருந்தார். குரோமியம் வருமுன் தோல் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். கீழே இருக்கிற தோல் ஊர்களுக்கும் மேலே இருக்கிற இந்தக் காட்டுக்கும் உறவு பழையது.

திண்ணையில் பேச்சு சாலைமேல் வந்தது. 2022 ஏப்ரலில் புலியூரிலிருந்து சேம்பரைக்குச் சாமி கும்பிடக் கிளம்பியவர்களின் வேன் மலைப்பாதையில் கவிழ்ந்து 11 பேர் இறந்ததை எல்லோரும் நேற்று நடந்ததுபோலச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு மே மாதம், இதே மலைத்தொடரில் வேலூர்ப் பக்கத்து அல்லேரியில், பாம்பு கடித்த குழந்தை மருத்துவமனை சேருமுன் இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நிற்க, உடலைத் தாய் கையில் சுமந்து நடந்தார். முன் அச்சைப் பற்றிய என் ஆர்வம் அந்தத் திண்ணையில் கனத்துப்போயிற்று. இங்கே கமான் பட்டை உடைவது வாடகை இழப்போடு முடிவதில்லை. ஒரு பிரசவம் நடுக்காட்டில் நின்றுவிடும்.

மறுநாள் புளி ஏற்றி ஒரு நடை கீழே போய் வந்ததும் அவர் வண்டிக்கடியில் சாக்கு விரித்துப் படுத்தார். புதுப் பட்டைகள் முதல் சுமையில் படிந்து உட்காரும்; கட்டை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கும்; இறுக்காவிட்டால் சென்டர் போல்ட் ஒடிந்து அச்சே நகர்ந்துவிடும். உஸ்தாத் இதை மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டிக்கொண்டு ஒவ்வொரு நட்டாக இழுத்தார். நான் வெளிச்சம் பிடித்தேன். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இறங்கின.

தார்ச்சாலை வந்துவிட்டால் இவ்வளவு பாடு வேண்டாமே என்றேன்.

“வரட்டும் சார், நாளைக்கே வரட்டும்” என்று வண்டிக்கடியிலிருந்தே சொன்னார். “ஆனா பின்பக்கப் பட்டையை அதுக்குள்ள மாத்தணும். ஐப்பசி மழைக்கு முன்னாடி ஆம்பூருக்கு ஓட்டிட்டுப் போறேன். மச்சான் வண்டியும் வருது.”